பாம்புக் காசுக்கு வயசு கேட்க நுவரெலியா போன கதை

வீட்டில் பழைய ஜப்பான் வெள்ளிக் காசு வைத்திருப்பவர்களும், அது நிஜமா போலியா என்று தெரியாமல் முழிப்பவர்களும் இதைப் படிக்கலாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எண் மட்டும் தெரியும். நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது, மருமகள் பார்த்துத் திருத்துகிறாள். போன கார்த்திகையில் ஒரு புதன்கிழமை, நானும் என் மச்சான் சின்னசாமியும் பொகவந்தலாவையிலிருந்து நுவரெலியா போய் வந்தோம். சுற்றிப்பார்க்கப் போகவில்லை. ஒரு காசுக்கு வயசு கேட்கப் போனோம்.

எங்கள் வீட்டில் அதற்குப் பாம்புக் காசு என்று பெயர். உள்ளங்கை நடுவை நிறைக்கும் பெரிய வெள்ளிக் காசு. ஒரு பக்கம் சுருண்டு கிடக்கும் பாம்பு. அதற்குக் காலும் நகமும் மீசையும் உண்டு, ஆனாலும் எங்களுக்கு அது பாம்புதான். பெரிய சண்டைக் காலத்தில் ஜப்பான்காரக் கப்டன் ஒருவன் எங்கள் தாத்தாவுக்குக் கொடுத்தது என்று அப்பா சொல்வார். எந்தக் கப்டன் எங்கள் மலைக்கு ஏறி வந்தான் என்று யாரும் கேட்டதில்லை.

எங்கள் குடும்பத்தில் யார் செத்தாலும் நெற்றியில் வைக்கிற காசு இதுதான். சந்தனம் வைத்து அதன்மேல் காசை ஒட்டுவோம். பாடை கிளம்புவதற்கு முன் கழற்றி மஞ்சள் தண்ணீரில் கழுவுவோம். அதன்பிறகு அது இழவு வீட்டில் தங்கக் கூடாது. செத்தது பெண் என்றால் அவள் பிறந்த வீட்டுக்குப் போய், பதினாறாம் நாள் காரியத்தன்று திரும்பி வரும். போன வருடம் என் மனைவி ராசம்மா போனபோதும் அப்படித்தான் செய்தோம். காசை வாங்கிப் போனது அவள் தம்பி சின்னசாமி. எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே பக்கத்து டிவிசனில், லயத்து வரிசை வீட்டில் இருக்கிறான். என்னைவிட இரண்டு வயது இளையவன்.

பதினாறாம் நாள் அவன் கொண்டுவந்து வைத்த காசு கண்ணாடி போல மின்னியது. நான் அறிந்த காலமெல்லாம் அது கறுத்துக் கிடந்த காசு. பார்த்ததும் மனதில் ஏதோ உறுத்தியது. ஆனால் அன்றைக்கு அதைப் பேசுகிற நிலையில் நான் இல்லை.

இந்த வருடத் திவசத்துக்குக் கொழும்பிலிருந்து என் மகன் செல்வராஜ் வந்தான். காசைப் போனில் படம் பிடித்தான். போன் அந்த ஜப்பான் எழுத்தை வாசித்து, மெய்ஜி ராஜா ஆட்சியில் எண்பத்திரண்டாம் வருடம் என்றது. அந்த ராஜா ஆண்டதே நாற்பத்தைந்து வருடம்தானாம். பிறகு கொழும்புக்குக் கொண்டுபோய் நகைக்கடையில் நிறுத்துப் பார்த்தான். இருக்க வேண்டிய எடையைவிட அரை கிராமுக்கு மேல் குறைவு. "அப்பா, இது போலி. நம்ம காசு இல்ல. மாமா மாத்திட்டாரு" என்று போனில் சொல்லி, காசைத் தெரிந்தவர் கையில் திருப்பி அனுப்பிவிட்டான். தை மாதம் சின்னசாமியின் பேத்திக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் போகக் கூடாது என்றும் சொன்னான்.

இந்த மாதிரிப் பேச்சு ஓரிடத்தில் நிற்காது, கொழுந்து பறிக்கிற மலையில் ஆரம்பித்தால் பின்னேரத்துக்குள் நாலு லயம் சுற்றிவிடும். சின்னசாமி ஒரு மாதம் எங்கள் பக்கம் வரவில்லை. தினமும் பின்னேரம் வந்து பாலில்லாத பிளேன்டி குடித்து என்னை வம்பிழுக்கிற மனிதன். ராசம்மா போன பிறகு எனக்கென்று பேச இருந்த ஆளும் அவன்தான். காசு போலி என்று ஆகிவிட்டால் எனக்கு அவனும் இல்லை. எனக்கு இருந்த பயம் இதுதான்.

கடைசியில் அவனே வந்தான். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே பேசினான்.

"மச்சான், நுவரெலியாவுல பழங்காசு பாக்குற முஸ்லிம் நானா ஒருத்தரு இருக்காராம். வாங்க, போய்க் கேப்போம். போலின்னு அவரு சொல்லிட்டா, நான் ஒங்க வாசல மிதிக்க மாட்டேன்."

"சொல்லலன்னா?"

"சொல்லலன்னா ஒங்க மவன் என் வாசல மிதிக்கணும்."

காலை ஆறு பத்துக்குப் பொகவந்தலாவை பஜாரிலிருந்து ஹட்டன் பஸ். நான் காசை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோனேன். என் சட்டையில் உள்பை கிழிந்திருந்ததால் அவனிடம் நீட்டினேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நீங்களே வச்சுக்கங்க. என் கைக்கு வந்தா, நோர்வூட்டுக்கும் டிக்கோயாவுக்கும் நடுவுல மாத்திட்டேன்னு ஒங்க மவன் சொல்லுவான்."

வேறு வழியில்லாமல் கம்பளித் தொப்பிக்குள் வைத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். நூறு ரூபாய் டிக்கெட். வழி முழுக்க வளைவுதான். வயிறு கலங்குகிறவர்கள் முன்பக்கம் உட்காருங்கள். ஒவ்வொரு வளைவிலும் நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் சிங்களப் பையன், "சீயா, தலைவலியா?" என்று தாத்தா முறை வைத்துக் கேட்டான். சின்னசாமி முந்திக்கொண்டு, "இல்ல தம்பி, மண்டைக்குள்ள வெள்ளி இருக்கு" என்றான். ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் அடித்த முதல் பகிடி. நான் சிரிக்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஹட்டனில் இறங்கும்போது ஏழு இருபத்தைந்து. பஸ் நிலையத்துக்கு எதிரே ரொட்டியும் கட்டச் சம்பலும் பிளேன்டியும் இரண்டு பேருக்கு முந்நூற்று அறுபது ரூபாய். சம்பல் நல்ல உறைப்பு. எட்டு மணி நுவரெலியா பஸ்ஸில் இடது பக்கம் இடம் பிடித்தோம். ஆளுக்கு இருநூறு ரூபாய், சுமார் நாற்பத்தைந்து கிலோமீற்றர். முதல் தடவை போகிறவர்களும் இடது பக்கமே உட்காருங்கள். தலவாக்கலைக்கு முன்னால் அருவிகள் அந்தப் பக்கம்தான். எங்களுக்கு அன்று அருவி தெரியவில்லை. பனிமூட்டத்துக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

தலவாக்கலையில் பஸ் ஐந்து நிமிடம் நின்றது. ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: அங்கே இறங்கித் திரும்பிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. தெரியாமலே இருந்தால் பாதி மச்சானாவது மிஞ்சுவான். பக்கத்தில் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அவனுக்கும் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. மாற்றியவனுக்கும் பயம் வரும், மாற்றாதவனுக்கும் வரும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. லிந்துலை தாண்டி, நானுஓயா ஏற்றம் ஏறி, பத்து மணிக்கு நுவரெலியா.

நானாவின் கடை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. மணிக்கூடு திருத்துகிற கடை. வெள்ளைக்காரர்கள் கேட்டு வருவதால் பழங்காசும் விற்கிறார். தேடி அலையாதீர்கள், மார்க்கெட்டில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். நானாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி மாட்டியிருந்தார்.

"வாங்கய்யா, இரிங்க. என்ன, மணிக்கூடா?"

நான் தொப்பியைக் கழற்றினேன். அவர் என் வழுக்கைத் தலையைப் பார்த்தார், பிறகு தொப்பிக்குள்ளிருந்து வந்த மஞ்சள் முடிச்சைப் பார்த்தார். துணியை அவிழ்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "யாருங்க இத இப்படித் தேச்சது?"

சின்னசாமி எழுந்து நின்றான், காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிட்ட மாதிரி.

"நான்தான்."

"எதால?"

"மொதல்ல மஞ்சத் தண்ணி. பொறகு புளி, சாம்பல். அப்பறம் பல்லு வெளக்குற பேஸ்ட்டு."

"ஒரு தடவையா?"

"காரியம் வரைக்கும் தெனமும்."

நானா காசைக் கீழே வைத்துவிட்டார். "ஏங்க?"

சின்னசாமி என்னைப் பார்க்கவில்லை, காசைத்தான் பார்த்தான். "எங்கக்கா நெத்தியில இருந்த காசுங்க. கழுவினேன், கறுப்பு போவல. அக்காவோட சாவுதான் அதுல ஒட்டிக்கிட்டு இருக்குன்னு நெனச்சேன். தீட்டோட எப்படித் திருப்பிக் குடுக்கிறது? அதான் போற வரைக்கும் தேச்சேன்."

எங்கள் வழக்கத்தில் மஞ்சள் தண்ணீரில் ஒரு தடவை கழுவினால் போதும். அவ்வளவு தேய்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

"அது தீட்டு இல்லங்க, வயசு" என்றார் நானா. "வெள்ளிக் காசுக்கு அந்தக் கறுப்புதான் சட்டை. அதக் கழட்டிட்டீங்க. சரி, உள்ள இருக்கிற ஆளு யாருன்னு பாப்போம்."

இனி அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்கும் பயன்படும். முதலில் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனார். ஒட்டவில்லை. நான் மூச்சு விட்டேன். "அவசரப்படாதீங்க, பித்தளையும் ஒட்டாது" என்றார். பிறகு சின்ன மின் தராசில் வைத்தார். இருபத்தாறு புள்ளி நாலு கிராம். புதுசாக இருந்தபோது இருபத்தேழுக்கு ஒரு துளி குறைவாக இருந்திருக்க வேண்டுமாம். செல்வராஜ் சொன்னது சரி. எடை குறைவுதான். சின்னசாமி வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தான். நுவரெலியாக் குளிரில் அவனுக்கு வியர்த்திருந்தது.

"வருசத்த வாசிப்போம்" என்று நானா பூதக்கண்ணாடியை என் கையில் தந்தார். "பாம்பு இல்லங்க, டிராகன். தலைக்கு மேல வட்டமா எழுத்து இருக்கா? இதுல ஒரு சங்கதி இருக்கு. அந்தக் காலத்து ஜப்பான் காசுல எழுத்த வலது பக்கத்துலேருந்து இடது பக்கமா வாசிக்கணும். எங்க அரபு மாதிரி."

எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் உருவம் மறக்காது. அதனால் அவர் காட்டியதை உருவமாகவே சொல்கிறேன். ஒரு ஜன்னலும் ஓர் ஏணியும் ஒட்டி நிற்கிற மாதிரி ஓர் எழுத்து இருந்தால் அங்கேதான் மெய்ஜி என்ற பெயர் ஆரம்பிக்கிறது. அதற்கு அடுத்த எழுத்தோடு பெயர் முடியும். அங்கிருந்து இடப்பக்கமாக எண் வரும். ஒரு படுக்கைக் கோடு ஒன்று, இரண்டு கோடு இரண்டு, மூன்று கோடு மூன்று. கூட்டல் குறி பத்து. மீசையை நடுவில் பிரித்துவிட்ட மாதிரி இருப்பது எட்டு. எங்கள் காசில் வலமிருந்து இரண்டு கோடு, கூட்டல் குறி, மீசை. இரண்டு பத்து, எட்டு. இருபத்தெட்டு. மகனின் போன் இடமிருந்து வாசித்து எட்டுப் பத்து, இரண்டு, எண்பத்திரண்டு என்று சொல்லியிருக்கிறது.

"மெய்ஜி இருபத்தெட்டு. ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தேழக் கூட்டுங்க."

சின்னசாமி விரல் விட்டு எண்ணி, எனக்கு முன்னால் சொல்லிவிட்டான். "ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தஞ்சு!"

"அப்போ நெசந்தானே?" என்றேன்.

"வருசம் நெசம். காசு நெசமான்னு இன்னும் தெரியல. போலி அடிக்கிறவன் வருசத்தையும்தானே அடிப்பான். கீழ இங்கிலீசுல 416, 900ன்னு இருக்கே, ஒண்ணு கிரெயின் கணக்குல எடை, ஒண்ணு ஆயிரத்துல தொள்ளாயிரம் பங்கு வெள்ளின்னு அர்த்தம். அதையும் போலியில அப்படியே அச்சா அடிப்பான்."

அடுத்து அவர் ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தார். காசை மெல்லிய நூலில் கட்டி, கோப்பையின் அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். தராசு ஓர் எண் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் பத்தும் சொச்சமும் வர வேண்டும். பித்தளைக்கு வெள்ளி பூசியது என்றால் எட்டரைப் பக்கத்தில் நின்றுவிடும்.

நூல் ஆடியது. அவர் கை அசையாமல் நிற்கும்வரை எண் நிற்கவில்லை. சின்னசாமி என் முழங்கையைப் பிடித்தான். கடை வாசலில் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்ததும் மறுபடி எண் ஆடியது. "டேய் சத்தம் போடாத!" என்று சின்னசாமி கத்திய கத்தலில் ஆட்டோ பின்னால் போனது.

இரண்டு புள்ளி ஐந்து ஏழு.

நானா கல்குலேட்டரில் தட்டி எங்களுக்குக் காட்டினார். பத்து புள்ளி இரண்டு ஏழு. "வெள்ளிதாங்க. நூத்தி முப்பது வருசத்து வெள்ளி."

சின்னசாமி முகம் இன்னும் தெளியவில்லை. "நானா, வெள்ளிதான். ஆனா இவங்க வீட்டு வெள்ளிதான்னு எப்படி? நான் வேற ஒண்ண வாங்கி வச்சிட்டேன்னு சொல்லலாமே?"

தனக்கு எதிராகத் தானே வழக்காடுகிறவனை நான் அன்றுதான் பார்த்தேன். நானா சிரித்துவிட்டு, காசின் விளிம்பைத் திருப்பினார். டிராகன் தலைக்கு நேர் மேலே விளிம்பில் மழமழவென்று ஓர் இடம், அரிசி அளவு. "இங்க ஏதோ பத்தவச்சு எடுத்திருக்காங்க. அரம் போட்ட தடமும் இருக்கு. எடை கொறஞ்சதுக்கு இதுவும் ஒரு காரணம். மிச்சம் நாள்பட்ட தேய்மானமும் ஒங்க பேஸ்ட்டும்."

அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு ஆறு வயது திரும்பியது. இந்தக் காசுக்கு ஒரு காலத்தில் காது இருந்தது. அம்மா கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். தாத்தா செத்தபோது அதை நெற்றியில் வைத்தார்கள். காது இடித்ததால் காசு படியாமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. அப்பா கோபப்பட்டு லிந்துலை ஆசாரியிடம் கொண்டுபோய்க் காதை அறுத்து, விளிம்பை அரம் போடச் சொன்னார். அரத்தூளை அம்மா ஒரு பாக்கு மட்டையில் ஏந்தினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இவ்வளவு காலம் அந்த இடம் கறுப்புக்குள் மறைந்திருந்தது. சின்னசாமி தேய்க்காமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது.

"இது எங்கம்மா காசு" என்றேன்.

சின்னசாமி ஸ்டூலில் உட்கார்ந்தான். "அப்ப அந்த ஜப்பான் கப்டன்?" என்றான்.

இந்தக் காசு அந்தக் காலத்தில் பினாங்கு, சிங்கப்பூர் கடைத்தெருவில் சாதாரணமாக ஓடியது என்று நானா சொன்னார். எங்கள் தாத்தாவின் அண்ணனுக்குப் பினாங்குத் தாத்தா என்றுதான் பெயர். கப்டனை அங்கேயே இறக்கிவிட்டோம்.

செல்வராஜுக்கு வீடியோ கோல் போட்டோம். நானா அவனிடம், "தம்பி, வலப் பக்கத்துலேருந்து வாசிங்க" என்று தொடங்கி எல்லாம் சொன்னார். மகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு, "மாமா பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டான். போனைக் கொடுத்தேன். சின்னசாமி அதை வாங்கிக்கொண்டு கடைக்கு வெளியே போய்விட்டான். கண்ணாடி வழியாக அவன் முதுகு மட்டும் தெரிந்தது. திரும்பி வரும்போது, "சரிடா, சரிடா, அழுவாத. கல்யாணத்துக்கு ஒனக்கு வேட்டி எடுத்து வச்சு ரெண்டு வாரமாச்சு" என்று பேசிக்கொண்டே வந்தான்.

இரண்டு வாரம் முன்னால் என்றால், மகன் இந்தப் பழியைச் சொன்னதற்குப் பிறகுதான் எடுத்திருக்கிறான்.

பார்த்துச் சொன்னதற்கு நானா ஐந்நூறு ரூபாய் வாங்கினார். விற்பதில்லை என்றோம். தேய்த்த காசுக்குப் பழங்காசுக்காரர்கள் பாதி விலைகூடத் தரமாட்டார்கள் என்றார். போகட்டும். இரண்டு பதினைந்துக்குத் திரும்பும் பஸ். அதே சாலை, அதே பனிமூட்டம், ஆனால் தலவாக்கலைக்குப் பிறகு கொஞ்சம் விலகி அருவி தெரிந்தது. நான் காட்டுவதற்குள் சின்னசாமி வாயைத் திறந்து தூங்கிவிட்டான். ஹட்டனில் ஐந்து மணிக்கு முன் இருப்பது நல்லது. மழை நாளில் பொகவந்தலாவை பஸ்ஸை நம்ப முடியாது.

உங்களிடம் இப்படிக் காசு இருந்தால் நான் சொல்வது இதுதான். வலமிருந்து வாசியுங்கள். மெய்ஜி என்றால் வருடத்தோடு 1867, தைஷோ என்றால் 1911, ஷோவா என்றால் 1925 கூட்டுங்கள். காந்தத்தையும் வருடத்தையும் மட்டும் நம்பாதீர்கள், தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். எடை சற்றுக் குறைந்தால் உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள், விளிம்பைப் பாருங்கள். புளி, சாம்பல், பேஸ்ட் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். இத்தனையும் செய்து முடிக்கும்வரை வீட்டில் யார்மீதும் ஒரு சொல் சொல்லாதீர்கள்.

பொகவந்தலாவையில் இறங்கியதும் மஞ்சள் முடிச்சை அவனிடம் நீட்டினேன். இந்தத் தடவை கையைப் பின்னால் கட்டவில்லை. வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான்.

"மச்சான், இனிமே இத யாரும் தேய்க்கக் கூடாது. என் நெத்தியில வைக்கும்போது கறுப்பாவே இருக்கட்டும்."

"கறுக்க இன்னும் இருவது முப்பது வருசம் ஆவுமேடா."

"ஆவட்டுமே. ஒங்களுக்கு என்ன அவசரம்?" என்றான். "நாளைக்குப் பின்னேரம் வாறேன், பிளேன்டிக்கு இஞ்சி தட்டிப் போடச் சொல்லுங்க."